இடது முன்சக்கரம்

“சாய்ங்க… சாய்ங்க… இன்னுங் கொஞ்சஞ் சாய்ங்க. தலைப்பக்கத்த மேல தூக்குங்க.”

மருதாசலம் காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, நான்கு பேர் ஞானசம்பந்தத்தை ஸ்ட்ரெச்சரோடு ஒருபக்கமாகச் சாய்த்தார்கள். காருக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடிச் சந்து. நடந்து போகிறவன் வயிற்றை எக்கிக்கொண்டு போய்விடலாம், படுத்திருப்பவன் எப்படிப் போவான்? முகத்தை மூடிப் போர்த்தியிருந்த ஆஸ்பத்திரித் துணி நழுவி, ஒரு கை வெளியே வந்து கார்க் கண்ணாடியில் டொக்கென்று இடித்தது.

மருதம்மாள் ஆம்புலன்ஸின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முப்பத்து நான்கு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை, சாயப்பட்டறைக்குப் போகிற துணி ரோலைப்போலச் சாய்த்து வீட்டுக்குள் செருகுகிறார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அண்ணன் மருதாசலத்தின் மேலோ தூக்கியவர்கள் மேலோ இல்லை. அந்தக் காரின் மேல் வந்தது. அதை வாங்கிக் கொண்டுவந்து வாசலை அடைத்து நிறுத்தியவர்மேல் வந்தது. அவரோ சாய்ந்தபடி, எதையும் கண்டுகொள்ளாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

கறுப்பு நிற ஜெர்மன் கார். வீரபாண்டியில் அவர்கள் வீடு இருந்த சந்துக்கும், ஸ்கூட்டர் நிறுத்தக் கட்டிய போர்டிகோவுக்கும் அது கொஞ்சமும் பொருந்தாத நீளம். மூக்கு கேட்டை முட்டும், வால் வாசற்படியைத் தொடும். வலப்பக்கம் மாடிப்படி, இடப்பக்கம் இந்த ஒன்றரை அடி. இப்போது அது வயிறு தரையில் பட, நான்கு சக்கரமும் உள்ளே புதைந்து, ரோட்டில் படுத்த எருமையைப்போலக் கிடந்தது.

அதன் கூறு அப்படி. மற்ற வண்டிகளுக்கு ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் இதற்குக் காற்றுப்பைகள். புதிதில் அது எத்தனை நாள் நின்றாலும் நிமிர்ந்தே நிற்குமாம். ஞானசம்பந்தம் வாங்கும்போதே அது ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இரண்டு பேர் வைத்திருந்து, அலுத்து, கழித்துக் கட்டியது. ராத்திரி நிறுத்தினால் விடிவதற்குள் காற்றெல்லாம் இறங்கிப் படுத்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் விட வேண்டும். உள்ளே ஒரு மோட்டார் கொர்ரென்று காற்றடிக்கும். முதலில் பின்பக்கம் எழும், பிறகு முன்னால் வலது, கடைசியில் முன்னால் இடது. அந்த இடது முன்சக்கரம் மட்டும் சண்டி. இரண்டு தட்டுத் தட்டினால்தான் எழும்.

ஆறு வருஷமாக மருதம்மாளுக்குப் பொழுது விடிந்தது இந்தச் சத்தத்தில்தான். கொர்ர், அப்புறம் டொக் டொக். அப்புறம் அவர் உள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பார். டீ ஆறிப்போகும்.

“புதுசாச் சின்னக் காரு ஒண்ணு இதே வெலைக்கு வாங்கியிருக்கலாமல்லொ?” என்று அவள் கேட்காத வாரமில்லை.

“சின்னக் காரு காராயிருக்கும். இது வேற” என்பார். என்ன வேறு என்று கேட்டால், “உள்ள உக்காந்து கதவச் சாத்திப் பாரு. நம்ம காலர் மெசின் சத்தங்கூடக் கேக்காது” என்பார்.

வீட்டுக்குப் பின்னால் ஷெட். பனியன் கம்பெனிகளுக்குக் காலர் நெய்து கொடுக்கும் எட்டு மெஷின். பத்தொன்பது வயதில் கைமெஷின் தள்ளத் தொடங்கியவர். நாற்பது வருஷத்தில் அந்தச் சத்தம் அவர் காதுக்குள் குடியேறிவிட்டது. மெஷின் நின்றாலும் காதுக்குள் ஓடும். டாக்டர் அதற்கு மருந்தில்லை என்றார். இவர் போய்க் காரை வாங்கினார். கேட்பதற்கு ஒரு நியாயமா இது? காதில் பஞ்சு வைத்துக்கொள்ளக் கூடாதா?

அவள் அதில் சரியாக உட்கார்ந்தது ஒரே ஒரு தரம். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போனபோது. தாராபுரம் தாண்டியதும் மீட்டரில் சிவப்பு, மஞ்சள் என்று விளக்குகள் வரிசையாக எரிய, வண்டி ரோட்டோரத்தில் மெதுவாகப் படுத்துக்கொண்டது. அவள் பால் சொம்போடு பஸ் ஏறிப் போய் முருகனுக்குச் செலுத்திவிட்டு, அதே வழியில் பஸ்ஸில் திரும்பி வந்தாள். வரும்போதும் அவர் அங்கேயேதான் இருந்தார், புளியமரத்தடியில், வண்டிக்குக் காவலாக. அன்றைக்கு, இனி அந்தக் கதவைத் தொடுவதில்லை என்று சொன்னவள் சொன்னபடி இருந்தாள். அதற்காக வண்டி அவளைச் சும்மா விடவில்லை. எண்ணெய் ஒழுகும். போர்டிகோவின் வெள்ளை டைல்ஸ் கறை படும். அவர் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து அடியில் போடுவார். அட்டை ஊறியதும் வேறு அட்டை. ஊறிய அட்டையைக் குப்பைக்காரர் எடுக்க மாட்டார். அதற்கு ஒரு சண்டை.

செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு அவர் காருக்குள் உட்கார்ந்திருக்கும்போதுதான் நெஞ்சு வலித்தது. ஹாரனை அழுத்தினார். மகன் நிதிஷ் ஓடினான். அடுப்பை நிறுத்திவிட்டு இவள் ஓடினாள். வண்டியில் சாவி இருக்கிறது, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆஸ்பத்திரி மூன்று கிலோமீட்டர். ஆனால் வண்டி இன்னும் எழுந்திருக்கவில்லை! பின்பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தது. நிதிஷ் அதை ஒரு உதை உதைத்துவிட்டு, இஞ்சினை அணைத்து, சாவியை அப்பா சட்டைப்பையில் போட்டு, அவரை இழுத்து வெளியே எடுத்தான். எதிர்வீட்டு ஆட்டோவில் போனார்கள். சந்திலிருந்து மெயின் ரோடு வரை ஒவ்வொரு குழியிலும் ஆட்டோ குதிக்க, அவர் “அம்மா, அம்மா” என்றார். அந்தச் சத்தம்தான் மருதம்மாளால் பொறுக்க முடியாதது. கண்ணாடித் தம்ளரில் ததும்பத் தண்ணி வைத்தாலும் சிந்தாமல் போகும் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வண்டி அது.

எமர்ஜென்சியில் சட்டையைக் கழற்றும்போது அவர் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். “காத்தால பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி உட்டுரு. பிரேக்க மிதிச்சுட்டுப் பட்டன அமுக்கோணும், அவ்வளவுதான்.”

“நிதிஷ் பாத்துக்குவானுங்க. நீங்க பேசாம இருங்க.”

“அவனுக்குப் பொறுமையில்ல. நீ பண்ணு.”

புதன்கிழமை அவரை வார்டுக்கு மாற்றினார்கள். பயமில்லை என்றார்கள். அவள் குளிக்க வீட்டுக்கு வந்தாள். கார் முழுதாகப் படுத்துக் கிடந்தது. இறங்கிய வண்டியின் கதவு மாடிப்படியின் முதல் படியில் இடித்துச் சரியாகச் சாத்தாமல் நின்றிருந்தது. அந்த இடுக்கு வழியாக உள்ளே விளக்கு எரிவது தெரிந்தது. ஒரு தள்ளுத் தள்ளினால் போதும். பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். அவள் சாவியை முந்தானையில் முடிந்தபடி நின்று பார்த்தாள். ஆபத்துக்கு ஆகாத சனியன், கெடக்கட்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

“உட்டயா?” என்று அவர் கேட்டார், இட்லித் தட்டை நீட்டியபோது.

“உட்டாச்சுங்க.”

“எந்திரிச்சுதா?”

“எந்திரிச்சுது.”

வியாழக்கிழமை காலையும் அதேதான். மாலையில் அவர் கொஞ்சம் களைத்திருந்தார். கண்ணை மூடியபடி கேட்டார். “முன்னால எடது?”

“அதும்தான்.”

“தட்டுனயா?”

“தட்டுனனுங்க.”

“செரி” என்றார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு மறுபடி நெஞ்சு வலி வந்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. ஆகவே அதுதான் கடைசி. முப்பத்து நான்கு வருஷக் குடித்தனம். ‘நல்லா இரு’ என்று ஒரு வார்த்தை இல்லை. பையனைப் பார்த்துக்கொள் என்றில்லை. ஒரு சக்கரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்கும் அவள் சொன்னது பொய்.

ஐஸ் பெட்டியைச் சந்து வழியாகக் கொண்டுவர முடியவில்லை. பக்கத்து பிரிண்டிங் பட்டறையிலிருந்து எட்டு வடநாட்டுப் பையன்கள் வந்து, “ஊப்பர், ஊப்பர்” என்று கத்திக்கொண்டு சுவருக்கு மேலே தூக்கி உள்ளே இறக்கினார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் ஒறம்பரைச் சொந்தமெல்லாம் வரத் தொடங்கிவிட்டார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக மாலையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நடந்து, காரின் கண்ணாடியை இடித்துக்கொண்டு வந்தார்கள். மருதாசலத்தின் பல்லடத்துச் சம்பந்தியம்மாவின் பட்டுச் சேலை நம்பர் பிளேட்டில் மாட்டிக் கிழிந்தது. அந்த அம்மாள் துக்கத்துக்கு அழுதாளா சேலைக்கு அழுதாளா என்று சொல்ல முடியாதபடி அழுதாள்.

மருதாசலம் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “மூணு மணிக்கு எமகண்டம் பொறக்குது. அதுக்குள்ள ஊட்ட உட்டு எடுத்தரோணும். நாளைக்குச் சனிக்கெழம, ஆகாது. மயானத்துல மூணரைக்குச் சொல்லியாச்சு.”

“எப்படிங் மாமா எடுக்கறது?” என்றான் நிதிஷ். கண் சிவந்திருந்தது.

“வந்த மாதிரியே சாச்சு எடுத்தரலாம். இல்லீன்னா பெட்டியத் தூக்குன மாதிரி செவுத்து மேல குடுத்துட்டா, அக்கட்டால நின்னு வாங்கிக்கலாம்.”

அதுவரை கணவன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மருதம்மாள் தலையைத் தூக்கினாள்.

“ஏனுங்ணா, அவரென்ன திருடனா, செவுரேறிக் குதிச்சுப் போறதுக்கு?”

அழுதுகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“வரும்போது சாச்சுக் கொண்டாந்தீங்க, பாத்துட்டுச் சும்மா இருந்தேன். போகும்போது மல்லாக்கப் படுத்து, நேராக் கேட்டு வழியாப் போகோணும். கட்டுன ஊடு அவரு கட்டுனது.”

“அம்மா, அதுக்கு இந்தச் சனியன் நகரோணுமல்ல? பேட்டரி செத்துக் கெடக்குது. கியரு லாக்காயிருக்குது. தள்ளக்கூட முடியாது” என்று நிதிஷ் வெடித்தான். வெடித்தவன் போனை எடுத்து, பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் ஆளைக் கூப்பிட்டான். அந்த ஆள் பதினோரு மணிக்கு வந்து, குனிந்து, தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

“தரையோட ஒட்டிருக்குதுங்க. இழுத்தா அடில இருக்கறதெல்லாம் பேந்துரும். அப்பறம் இது காரே இல்ல.”

“பேந்தாப் பேரட்டும். இழுங்க.”

“வேண்டாங் கண்ணு” என்றாள் மருதம்மாள்.

நிதிஷ் அம்மாவைப் பார்த்தான். ஆறு வருஷமாக, இதைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டவள் இவள்தானே!

“ஏனம்மிணி, இன்னைக்குப் போயிக் காருக்குப் பாக்கறயா?” என்றாள் பழனாத்தாள். ஞானசம்பந்தத்தின் அக்கா. எண்ணத்தை மறைத்துப் பேசத் தெரியாதவள்.

“காருக்குப் பாக்கலீங் நங்கை.”

பிறகு எதற்குப் பார்க்கிறாள் என்று அவளால் கூட்டத்தில் சொல்ல முடியாது. அதை உடைத்து இழுத்துப் போட்டால், அவரிடம் சொன்ன பொய் பொய்யாகவே நின்றுபோகும். இன்னும் நான்கு மணிநேரம் அவர் இந்த வீட்டில்தான் இருக்கிறார். அதற்குள் அது எழுந்திருக்க வேண்டும். எழுந்துவிட்டால் என்ன ஆகிவிடும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எழுந்திருக்க வேண்டும்.

“பாண்டித்துரையக் கூப்புடு” என்றாள்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக் பாண்டித்துரை மாலையோடு வந்துகொண்டிருந்தான். சிவகங்கைப் பக்கத்துக்காரன். பல்லடம் ரோட்டில் ஷெட் போட்டுப் பதினைந்து வருஷமாகிறது. கனத்த உடம்பு. சந்தில் நுழைய முடியாமல், மாலையை முதலில் உள்ளே கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்து மெல்ல மெல்ல வந்தான். ஞானசம்பந்தத்தின் காலைத் தொட முடியாமல் ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக் கும்பிட்டான். ஒருவருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெளியே வந்து காரைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

“எத்தன நாளாக்கா ஸ்டார்ட் பண்ணல?” என்றான் மெதுவாக.

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். “செவ்வாக்கெழமையிலிருந்து.”

அவன் தரையைப் பார்த்தான். அவள் விடவில்லை.

“என்ன?”

“இல்லக்கா, நேத்து ராத்திரி அண்ணே போன்ல பேசுனாரு. எங்க வீட்டுக்காரி ரெண்டு நாளா அவளே ஸ்டார்ட் பண்றாடா, இடதக் கூடத் தட்டி எழுப்பிட்டாடான்னாரு. அம்புட்டுச் சந்தோசம். அதான்…”

மனுஷன் அதை ஊருக்கெல்லாம் வேறு சொல்லியிருக்கிறார்! இன்னும் யார் யாருக்குப் போன் போட்டாரோ. அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் பாதி வழியில் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

“இப்ப என்ன பண்ணோணும் சொல்லு” என்றாள்.

காலர் கட்டுகளை ஏற்றிப் போகிற குட்டியானை வண்டியைக் கேட்டுக்கு வெளியே மூக்கோடு மூக்காக நிறுத்தினார்கள். அதன் பேட்டரியிலிருந்து இதற்குக் கரண்டு கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ளே நுழைந்து பானெட்டைத் திறக்கும் கைப்பிடியை இழுக்க வேண்டும். பிறகு ஒருவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். கதவோ படியில் இடித்து ஒரு முழம்தான் திறந்தது. பாண்டித்துரை ஒரு காலை விட்டுப் பார்த்தான். தொந்தி நுழையவில்லை. நிதிஷ் மயானத்து ஆபீசில் கையெழுத்துப் போடப் போயிருந்தான். மருதாசலமோ பாண்டித்துரையைவிடப் பருமன்.

“அண்ணே எப்பிடித்தான் தெனமும் போனாரோ” என்றான் பாண்டித்துரை.

எப்படிப் போவார் என்று அவளுக்குத் தெரியும். சமையலறை ஜன்னலிலிருந்து ஆறு வருஷம் பார்த்திருக்கிறாள். முதலில் இடது தோள், பிறகு தலையைக் குனிந்து இடுப்பு, கடைசியாகக் கால். அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“அம்மிணி!” என்றாள் பழனாத்தாள் உள்ளேயிருந்து. “பொணத்த வெச்சுட்டு நீ எங்க போற?”

“இங்கதானுங் நங்கை.”

இடது தோள், தலை, இடுப்பு, கால். சீட்டில் போய் விழுந்தாள். கைப்பிடியை இழுத்தாள். பானெட் திறந்தது. முன்னால் பாண்டித்துரை கம்பிகளை மாட்டினான். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு திடீரென்று மீட்டரில் இருக்கிற விளக்கெல்லாம் எரிந்தது. அவள் சாவியைக் கியருக்குப் பக்கத்திலிருந்த கிண்ணக்குழியில் வைத்தாள், அவர் வைப்பதைப் பார்த்திருந்த இடத்தில். உடனே சீட்டு உயிர் வந்ததுபோல் அவளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. அவர் உட்காரும் அளவு. அவர் கால் நீளம். அவள் கால் பிரேக்குக்கு எட்டவில்லை.

“இதெங்கத்த கூத்து” என்று பல்லைக் கடித்தாள். சீட்டின் நுனிக்கு வந்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் பிரேக்கை எட்டி மிதித்து, பட்டனை அழுத்தினாள்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது.

“கதவச் சாத்துங்கக்கா. கதவு தொறந்திருந்தா தூக்காது” என்று பாண்டித்துரை கத்தினான்.

அவள் கதவை எக்கி இழுத்தாள். படியில் உரசிக்கொண்டு வந்தது. கடைசி ஒரு விரற்கடையைக் கதவு தானாகவே இழுத்துக்கொண்டு சாத்தியது.

ஒப்பாரி நின்றுவிட்டது. சங்கு ஊதிக்கொண்டிருந்தவர் கன்னம் உப்ப ஊதிக்கொண்டே இருந்தார், சத்தம் இல்லை. மருதாசலம் வாயைத் திறந்து திறந்து மூடினார். பிரிண்டிங் பட்டறை, ரோட்டு பஸ், சுவர் ஓரத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள், எல்லாரும் தூரத்தில் எங்கேயோ போய்விட்டார்கள். தன் மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்சம் விபூதி வாசனை, கொஞ்சம் அவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய். இது என்ன வேறு என்று ஆறு வருஷம் கேட்டாளே, இதுதான் அது. பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்க ஒரு இடம்.

“பொய் சொன்னனுங்க” என்றாள் உரக்க. வெளியே ஒருவருக்கும் கேட்காது என்கிற தைரியம். “ஸ்டார்ட்டும் பண்ணுல, ஒரு மண்ணும் பண்ணுல. உள்ள லைட்டு எரிஞ்சுது, கதவக்கூடச் சாத்துல. நீங்க பாட்டுக்கு ஊரெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறீங்க. உங்களுக்குக் கூறு வேண்டாம்? நான் எப்ப இந்த வண்டியத் தொட்டன்? நான் சொன்னா உடனே நம்பிக்கறதா?”

பிறகு அழுதாள். விடிந்ததிலிருந்து வராத அழுகை மொத்தமாக வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல், அடிவயிற்றிலிருந்து அழுதாள். கறுப்புக் கண்ணாடி வழியாக யாருக்கு என்ன தெரிந்ததோ, ஒருவரும் கிட்டே வரவில்லை.

பின்பக்கம் தூக்கியது. இடுப்புக்குக் கீழே ஒரு அசைவு. பிறகு வலது முன்பக்கம். மாடிப்படியின் கைப்பிடி கண்ணாடியில் மெதுவாகக் கீழே இறங்கியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். கொர்ர் சத்தம் நின்றுபோயிற்று. இடது எழவில்லை. வண்டி அந்த ஒரு மூலையில் மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது.

பாண்டித்துரை கையை விரித்தான். அவள் கதவைத் திறந்தாள். இப்போது கதவு படியைத் தாண்டி நன்றாகத் திறந்தது. ஒப்பாரியும் சங்கும் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன.

“அந்த வால்வு மாத்தணும்க்கா. டெல்லிலருந்து வரச் சொல்லிருந்தோம், இன்னும் வரல. அண்ணே என்னத்த வச்சோ தட்டுவாரு…”

எதை வைத்து என்று அவளுக்கும் தெரியாது. சத்தம்தான் தெரியும். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். உருண்டையாக ஒன்று அகப்பட்டது. இழுத்து எடுத்தாள்.

அவளுடைய பூரிக்கட்டை.

நான்கு வருஷத்துக்கு முன் காணாமல்போன பூரிக்கட்டை. அதற்காக வேலைக்காரியைச் சந்தேகப்பட்டு, அவள் அழுது, வேலையை விட்டே போனாள். அப்போது இவரும் டைனிங் டேபிளில் உட்கார்ந்துகொண்டு, “எங்கதான் போயிருக்கும்?” என்று கேட்டார். பூரிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்குள் எட்டிப் பார்த்தாள். ஐஸ் பெட்டிக்குள் அவர் மிகவும் நல்ல மனிதரைப்போலப் படுத்திருந்தார்.

“எங்க தட்டோணும்?”

பாண்டித்துரை சக்கரத்துக்குப் பின்னால் ஒரு இடத்தைக் காட்டினான். அவள் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, சந்தில் குந்தி, கையை உள்ளே விட்டு ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்றுமில்லை. அவர் தட்டுகிற அழுத்தம் அவளுக்குக் காதில் இருந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக, இன்னும் கொஞ்சம் எரிச்சலோடு. டொக்.

கொர்ர் என்றது. மூலை நடுங்கியது. பிறகு இடது முன்சக்கரம் மெல்ல மெல்ல, எழுந்திருக்க மனமில்லாத கிழவனைப்போல, எழுந்தது.

மணி இரண்டே முக்கால். குட்டியானையைப் பின்னால் எடுத்ததும், பாண்டித்துரை காரை வெளியே கொண்டுபோய்த் தெருமுனை மின்கம்பத்தடியில் நிறுத்தினான். கேட் இரண்டு கதவும் விரியத் திறந்தது. போர்டிகோ திடீரென்று கல்யாண மண்டபம்போல விசாலமாகிவிட்டது.

“ஆச்சு, ஆச்சு, தூக்குங்க” என்று மருதாசலம் அவசரப்படுத்தினார். நீர்மாலை, வாய்க்கரிசி எல்லாம் முன்னமே முடிந்திருந்தது. பொறந்த ஊட்டுக் கோடியைத் தங்கையின் தோளில் போட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துகொண்டார். பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். மருதம்மாள் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கையில் இன்னும் பூரிக்கட்டை இருந்தது. பழனாத்தாள் அதை வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. அவர் காதோரம் குனிந்தாள்.

“ஏனுங்க” என்றாள். “வண்டிய ஸ்டார்ட் பண்ணி உட்டாச்சுங்க. முன்னால எடதும் எந்திரிச்சுருச்சு. நான்தான் தட்டுனன்.”

நிதிஷ் அம்மாவின் தோளைப் பிடித்து நிமிர்த்தினான். சுற்றி நின்றவர்கள், பாவம், துக்கத்தில் என்னமோ பேசுகிறாள் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஞானசம்பந்தம் மல்லாந்து படுத்து, நேராகக் கேட் வழியாகப் போனார். சங்கும் சேகண்டியும் முன்னால் போயின. பெண்கள் தெருமுனை வரைக்கும் போய் நின்றுகொண்டார்கள். திரும்பி வந்ததும் பழனாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வீடு கழுவ ஆட்களை ஏவினாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். பூ, அரிசி, ஊதுபத்திச் சாம்பல் எல்லாம் வாசற்படி இறங்கிப் போர்டிகோவுக்கு வந்தன. கார் நின்ற இடத்தில் அட்டை மட்டும் கிடந்தது. நடுவில் வட்டம் வட்டமாக எண்ணெய்.

“அதத் தூக்கி எறி, ஆயா” என்று பழனாத்தாள் யாரிடமோ சொன்னாள்.

தண்ணீர் அட்டையைத் தொடுவதற்கு முன்னால் மருதம்மாள் அதை எடுத்துவிட்டாள். இரண்டாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தாள். மின்கம்பத்தடியில் கார் நான்கு காலிலும் நிமிர்ந்து நின்றது. அவள் முன்பக்கம் மண்டியிட்டு, அட்டையை விரித்து, அடியில் தள்ளினாள். குனிந்தபடியே காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொட்டு விழுந்தது. அட்டையில் விழவில்லை, மண்ணில் விழுந்தது. அட்டையைப் பிடித்து நான்கு விரற்கடை இடதுபக்கமாக நகர்த்திவிட்டு, அடுத்த சொட்டுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.